அம்மம்மாவின் ஆட்டுக்கல்

உரும்பிராய், யாழ்ப்பாணம்,
ஞாயிறு.

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். நீ கடைசியாகக் கதைத்து ஏழு கிழமை. வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். மாறியிருந்தால் புதியதை எழுது.

முற்றத்தில் ஒரு வேலை செய்திருக்கிறேன். முருங்கைக்குக் கீழே கிடந்த அம்மம்மாவின் ஆட்டுக்கல்லின் நடுவில் துளை போட்டு, தண்ணீர் பொங்கி வழியும்படி வைத்திருக்கிறேன். 1995 இடப்பெயர்வு முடிந்து வந்தபோது கதவு நிலைகூட இல்லை, அந்தக் கல் மட்டும் கிடந்ததே. முதலில் வளவில் கிடந்த சுண்ணாம்புக்கல்லில்தான் பார்த்தேன், துளைக்கும்போதே பிளந்துவிட்டது. ஆட்டுக்கல் கருங்கல், எங்கள் மண்ணில் இல்லாத கல். மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அரைநாள் எடுத்தது.

கிடங்கு வெட்டத்தான் கஷ்டப்பட்டேன். ஒன்றரை அடி செம்பாட்டு மண், அதற்குக் கீழே பாறை. அலவாங்கோடு இரண்டு நாள். பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, வாயில் கம்பி வலை போட்டுக் கல்லை ஏற்றினேன். விடிய வலை வளைந்து கிடந்தது. பிறகு தொட்டிக்குள் சீமெந்துக் கல் அடுக்கி, பாரம் அதில் இறங்கும்படி செய்தேன். மோட்டர் தொட்டியின் அடியில். தண்ணீர் குழாயால் ஏறி, குழி நிரம்பி, கல்லைச் சுற்றி வழிந்து, கூழாங்கல்லுக்கிடையால் திரும்பத் தொட்டிக்கே போகும். வெளியில் தேங்காததால் நுளம்புத் தொல்லை குறைவு. ஆனால் இந்த வெயிலுக்குத் தண்ணீர் வற்றும். ஊற்ற மறந்தால் மோட்டர் எரிந்துவிடும். கேத்தலில் வெள்ளை படிவதுபோல மோட்டருக்குள்ளும் படியும், கழற்றி வினாகிரியில் ஊறவைக்க வேண்டும்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. சோறாவது வடித்துச் சாப்பிடு, கடைச் சாப்பாடு உனக்கு ஒத்துவராது. குளிருக்குத் தொப்பி போடு.

ரோட்டால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எஞ்சினியர் மகன் படம் கீறி அனுப்பினானோ என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பொய்தான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இதை முதலில் செய்தவன் நீ.

அப்போது உனக்கு ஒன்பது வயது. சண்டைக் காலம், மண்ணெண்ணெய்த் தடை, இறைக்கிற மோட்டர் ஓடாது, மிளகாய்க் கன்றுக்கு நான் துலாவில் இறைத்துக்கொண்டிருந்தேன். நீ கொய்யாக் கொப்பில் வாளியைக் கட்டி, சேலைன் குழாயை ஓட்டை விழுந்த முருகைக்கல்லுக்குள்ளால் விட்டு, தண்ணீரைப் பொங்க வைத்திருந்தாய். நான் வாளியை அறுத்து எறிந்துவிட்டுப் பூவரசந் தடியால் அடித்தேன். "அது திரும்பக் கிணற்றுக்குத்தானே அப்பா போகுது" என்று அழுதுகொண்டே சொன்னாய். ஆறில்லாத ஊர், கல்லுக்குள்ளால் இறங்குகிற தண்ணீரில்தான் கிணறு ஊறுகிறது. எனக்கு அது அன்றே தெரியும். தெரிந்தும் அடித்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு கஷ்டத்தையும் என்னிடம் சொன்னதில்லை. காய்ச்சல் என்றால்கூட அம்மாவிடம்தான். அது என்னால் வந்தது, தம்பி.

ஆனாலும் ஏழு கிழமை கூடிப்போச்சு. அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறா. ஊரில் ஆயிரம் கதை வரும், நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. நீ சொன்னால் கேட்பேன். சத்தம் போடமாட்டேன். பிள்ளைகளை நீ பார்க்கிற நாளில் எங்களோடும் கதைக்க விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஆட்டுக்கல்லில் தண்ணீர் கொஞ்சம் துள்ளிச் சிதறுகிறது. நீ செய்ததில் சத்தமில்லாமல் பொங்கியது. குழாயில் வால்வு பூட்டுவதா, சின்ன மோட்டராக மாற்றுவதா என்று எழுது. விலாசத்தையும் எழுது.

அப்பா