போப் கல்லறைக்குச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள்

பிரிட்டனில் வாழும் தமிழ் அமைப்பினருக்கு,

வணக்கம். ஆக்ஸ்போர்டின் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் உள்ள ஜி.யு.போப் கல்லறைக்கு நம்மவர்கள் மாலையோடு செல்வது வழக்கம். அதே இடுகாட்டில்தான் பாதிரியார் பெஞ்சமின் ஜோவெட்டும் அடக்கமாகியிருக்கிறார். அடுத்த முறை அவருக்கும் ஒரு மாலை எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

ஜோவெட் தமிழறிஞர் அல்லர். கிரேக்கப் பேராசிரியர், பிளேட்டோவை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், 1870 முதல் 1893-இல் இறக்கும்வரை பேலியல் கல்லூரியின் தலைவர். ஆனால் போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு நூலாக வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஓர் இரவு கல்லூரி முற்றத்தில் இருவரும் தமிழ்ப் பாடல்களைப் பற்றிப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். இதை நீங்கள் அச்சிட்டே ஆகவேண்டும் என்கிறார் ஜோவெட். எனக்கு அவ்வளவு ஆயுள் இல்லையே என்று போப் தயங்குகிறார். நிலவொளி நரைமுடியில் விழ, ஜோவெட் திரும்பி அவர் தோளில் கை வைக்கிறார்: பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்டநாள் வாழும் வழி, முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள். சோர்ந்தபோதெல்லாம் இச்சொற்களே தம்மைத் தூக்கி நிறுத்தின என்கிறார் போப். நூல் 1900-இல் வந்தது. முன்னுரையில் போப் இட்ட தேதி, அவருடைய எண்பதாவது பிறந்தநாள்.

ஒரு சைவ நூலை அச்சேற்றும்படி ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் இன்னொரு பாதிரியாரை வற்புறுத்தியது சாதாரணமல்ல. விவிலியத்தையும் மற்ற நூல்களைப் படிப்பதுபோலவே படிக்கவேண்டும் என்று 1860-இல் எழுதியவர் ஜோவெட். அதற்காக 1863-இல் பல்கலைக்கழக நீதிமன்றம்வரை அவரை இழுத்தார்கள்; வழக்கு நிற்கவில்லை. பேராசிரியர் பதவிக்கு அவர் பெற்றது ஆண்டுக்கு 40 பவுண்டு. அதை உயர்த்தும் முயற்சிகளை எதிர்த்தரப்பு 1865 வரை முறியடித்தது. கருத்துக்காக இவ்வளவு பட்டவருக்கு, இன்னொரு சமயத்தாரின் நூலைத் திறந்த மனத்தோடு மதிப்பது இயல்பாகவே வந்திருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, கல்லறை நிகழ்ச்சிகளில் போப்பின் அந்த முன்னுரைப் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் அழைப்பிதழ்களில் ஜோவெட்டின் பெயரையும் அச்சிடுங்கள். உடன் வரும் குழந்தைகளுக்கு இரண்டு கல்லறைகளையும் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு திருவாசக வாசகன்