36-வது கட்டம்

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடிக்கிறது, குன்னூர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா, கரண்டும் இல்லை, எமர்ஜென்சி லைட்டை வைத்துக்கொண்டு அப்பாவின் அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் எடுத்தேன், மண்டபத்திலேயே 1,700-ஐ அழித்துவிட்டேன், மிச்சமும் தேறாது, பெரிய ஆட்களெல்லாம் ஒரே கிளிக்கில் எடுக்கிறார்கள், எனக்கு அந்தக் கண் இல்லை அம்மா என்றாய். கண் இல்லை என்று சொன்னதைக்கூட அலுப்பில் சொன்னது என்று விட்டுவிடலாம். அந்த 1,700-ஐ அழித்தாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவின் நல்ல படங்களாக இருபது எடுத்து அனுப்பச் சொல்லி, சுவரில் மாட்ட, நீ ஆடியிலேயே கேட்டாய். அதை இப்போது அனுப்பவில்லை. அவருடைய காண்டாக்ட் ஷீட்களில், ஒரு ரோல் முழுக்கச் சின்னச் சின்னதாக ஒரே தாளில் இருக்குமே, அவற்றில் ஒரு பெட்டி பார்சலில் வருகிறது.

நான் ஸ்டுடியோவில் ஒரு நாளும் கேமராவைத் தொட்டதில்லை. ஆனால் இருட்டறை முழுக்க என் பொறுப்பு, அது உனக்கும் தெரியும், வெளியே சிவப்பு பல்பு எரிந்தால் கதவைத் தட்டக்கூடாது என்று பழகித்தான் வளர்ந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. படத்தை எழுப்புகிற மருந்து, அந்த டெவலப்பர், 20 டிகிரியில் இருக்க வேண்டும். கீழே கோயம்புத்தூர்க்காரர்கள் அதற்கு ஐஸ் போடுவார்கள், நாம் மார்கழியில் வெந்நீர் வைத்து டிரேயைச் சுட வைப்போம். கழுவிக் காய்ந்த ஃபிலிமை ஆறு ஆறு படமாக வெட்டினால் ஆறு பட்டை, அதை எட்டுக்குப் பத்துத் தாளின் மேல் அப்படியே பரப்பி, கண்ணாடியை வைத்து அழுத்தி, சில விநாடி வெளிச்சம். அப்புறம் டெவலப்பரில் போட்டால் 36 படமும், ஒவ்வொன்றும் ஒரு கட்டமாக, தபால்தலை அளவில் ஒரே தாளில் எழும்பி வரும். பெரிதாக்குவதும் இல்லை, ஓரம் வெட்டுவதும் இல்லை. எடுத்த வரிசை மாறாது. எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம் என்பதால் ஒளி குறைவாக வாங்கிய படம் கறுத்தும், கூடுதலாக வாங்கியது வெளுத்தும் காட்டிக்கொடுத்துவிடும், ஒளித்துவைக்க இடமே கிடையாது.

ஃபிலிம் நம் மலையிலேயே தயாரான காலம் அது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கி, 1967 முதல் ஊட்டியில் இந்து ஃபிலிமும் பேப்பரும் போட்டது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை, இந்து நகர் என்ற பெயர் மட்டும் பஸ்ஸில் ஓடுகிறது. பக்கத்திலேயே தயாரானது என்பதற்காக யாரும் சும்மா கொடுக்கவில்லை. 100 அடி டப்பாவாக வாங்கி, நானே இருட்டில் சுற்றி, பதினெட்டு ரோல் வரை தேற்றுவேன். ஒவ்வொரு கிளிக்கும் காசு. அப்படிப்பட்ட காலத்திலும் உன் அப்பா ஒரு படத்துக்காக எத்தனை கட்டம் செலவழித்தார் என்று நீ பார்க்க வேண்டும்.

நம் ஹாலில் தொங்குகிற ரயில் படத்தையே எடுத்துக்கொள். ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, பிரேக்ஸ்மேன் ஒருவர் பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீயை ஊதுவாரே, டம்ளரின் ஆவியும் இஞ்சினின் ஆவியும் ஒன்றாகக் கலக்கிற மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் எப்படிச் சரியான நேரத்துக்கு அமுக்கினார் என்றுதான் கேட்பார்கள். அந்த ஷீட் பெட்டியில் மூன்றாவது. 1 முதல் 6 வரை எல்லாரும் எடுக்கிற இஞ்சின்தான். 7 குரங்கு. 8 முதல் 13 வரை பிளாட்பாரத்தில் டூரிஸ்டுகள், ஒன்றும் இல்லை, அவர் மனசு அதில் இல்லை என்று பார்த்தாலே தெரியும். 14-இல் அந்த ஆள் ஓரமாக, முதுகு காட்டி. 15-இல் அப்பா நாலு எட்டு கிட்டப் போயிருக்கிறார். 16 சாய்ந்திருக்கிறது. 17 முதல் 21 வரை பின்னால் தெரிகிற தண்ணீர்க் குழாய் ஒரு நூல்கூட நகரவில்லை, அப்படியென்றால் அவர் கால் ஊன்றி நின்றுவிட்டார் என்று அர்த்தம், அந்த ஆளின் கை மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. 22 நம் ஹால் படம். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை கண்ணு, 27 வரை எடுத்துக்கொண்டே இருக்கிறார். 22-இல் கிடைத்துவிட்டது என்று அங்கே நின்ற அப்பாவுக்கே தெரியாது. சிவப்பு மெழுகுப் பென்சிலில் முதலில் வட்டம் போட்டது 19-க்கு, இரண்டு நாள் கழித்து அதை அடித்துவிட்டு 22-க்குப் போட்டார், அழித்த தடம் இன்னும் இருக்கிறது. நான் 23 என்றேன், அதில் அந்த ஆள் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார். இன்றைக்கும் எனக்கு 23தான்.

ரயிலுக்கு அடுத்த ஷீட்டில் மூடுபனி. பனியைப் பார்த்தால் கேமராவின் ஒளி அளக்கிற மீட்டர் ஏமாந்துபோகும், வெளிச்சம் நிறைய இருப்பதாக நினைத்துக் குறைத்துக் காட்டிவிடும், அதனால் முதல் ஒன்பது படமும் கறுத்துக் கிடக்கிறது. பத்தாவதில் அவருக்குப் புரிந்துவிட்டது, ஒரு ஸ்டாப் கூட்டி, ஒளியை இரண்டு மடங்காக்கியிருக்கிறார், பனி பனியாகவே வெள்ளையாக வந்திருக்கிறது. அந்த ஒன்பதையும் அவர் அங்கேயே உன்னை மாதிரி அழித்திருந்தால், அடுத்த பனிக்கு மறுபடி ஒன்பது.

நீ சொன்ன பெரிய ஆட்களுக்கு வருகிறேன். அப்பா சாப்பிடும்போதுகூட இவர்களைப் பற்றித்தான் பேசுவார், கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம். ஒரே கிளிக் என்றால் எல்லாரும் சொல்வது பிரெஞ்சு போட்டோகிராபர் கார்த்தியே பிரெஸ்ஸோன். 1932-இல் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மனிதனை எடுத்தாரே, அது. ஆனால் அவர் இரண்டாம் உலகப் போருக்கு முன் எடுத்த நெகட்டிவ்களில் வேண்டியதை மட்டும் தனித்தனியாக வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிட்டார். அந்தத் தாண்டலுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பார்க்க நமக்கு வழியே இல்லை. பக்கத்துக் கட்டங்களை வெட்டிவிட்டதால்தான் அந்தப் படம் வானத்திலிருந்து விழுந்த மாதிரி தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். இன்னொருவர் ராபர்ட் ஃபிராங்க், 1955-இல் தொடங்கி அமெரிக்கா முழுக்க கார் ஓட்டி எடுத்தது ஏறத்தாழ 27,000 கட்டம், புத்தகத்தில் சேர்ந்தது 83. நீ ஒரு கல்யாணத்தில் 300 வைத்திருக்கிறாய், அதற்கே அழுகிறாய்.

நம் ஊர் ஆட்டோவிலும் பனியனிலும் இருக்கிற சே குவேரா படம் இருக்கிறதே, அது 1960 மார்ச் 5-ஆம் தேதி ஹவானாவில், கப்பல் வெடித்துச் செத்தவர்களுக்கான கூட்டத்தில் கியூபா போட்டோகிராபர் கோர்டா எடுத்தது. அந்த ஃபிலிமில் காஸ்ட்ரோ பேசுகிறார், பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் நிற்கிறார், நடுவில் சே வருவது இரண்டே கட்டம். முழு நெகட்டிவில் ஒரு பக்கம் வேறொரு ஆளின் முகம், இன்னொரு பக்கம் பனை ஓலை மாதிரி ஏதோ, இரண்டையும் வெட்டித்தான் நாம் பார்க்கிற முகம் வந்தது. எந்தப் பத்திரிகைக்காக எடுத்தாரோ அது அன்றைக்கு அதைப் போடவில்லை. அவர் பிரிண்ட் போட்டுத் தன் சுவரில் மாட்டிக்கொண்டார். அன்றைக்குச் சாயந்திரமே தேறாது என்று தூக்கிப் போட்டிருந்தால்?

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒருவர் இருந்தார், கேரி வினோகிராண்ட் என்று. 1984-இல் சாகும்போது ஏறத்தாழ 2,500 ரோல் டெவலப்கூட ஆகாமல் கிடந்தது. தான் எடுத்ததைத் தானே பார்க்காமல் போனவர். அதையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

ஷீட்டில் எனக்கு எப்போதும் மனசை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. டயான் ஆர்பஸ் 1962-இல் நியூயார்க் பூங்காவில் ஒரு பையனை எடுத்தார், கையில் பொம்மை வெடிகுண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, பார்த்தால் பயமாக இருக்கும். அந்த ஷீட்டில் மற்ற கட்டங்களில் அவன் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிற சாதாரணப் பிள்ளை. எடுத்தவர் பொய் சொல்லவில்லை, அந்த முகமும் அவன் காட்டியதுதான். ஆனால் உலகத்துக்கு அது ஒன்றுதான் அவன். அப்பாவுக்கும் இப்படி ஒன்று நடந்தது. தேயிலை பறிக்கிற ஒரு அம்மா, இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கமிருந்து வந்தவர், அவரை வைத்து ஒரு ரோல் முழுக்க எடுத்தார். பதினோரு கட்டத்தில் அந்த அம்மா வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். அப்பா தேர்ந்தெடுத்தது கூடையை இறக்கிவிட்டுக் களைத்து நிற்கிற ஒன்றை. ஸ்டுடியோ ஜன்னலில் வைத்தோம். சந்தைக்கு வந்த அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, நான் எப்பவும் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஷீட்டை வெளியே எடுத்துவந்து பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, உங்களுக்குப் பிடித்ததைக் காட்டுங்கள் என்றார். அந்தப் படத்தை அன்று ராத்திரியே நான் பெரிதாகப் போட்டேன், ஜன்னலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கல்யாண வீட்டில் நீ அழித்த 1,700-இல் அந்தப் பெண்ணுக்குப் பிடித்த அவளுடைய முகம் ஒன்று இருந்திருக்கலாம். நீ மட்டும் பார்த்து முடிவு பண்ணிவிட்டாய்.

பெட்டியைத் திறந்ததும் முதல் தாள் முழுக் கறுப்பாக இருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதே. கோத்தகிரியில் ஒரு கல்யாணம், ஃபிலிம் நுனி கேமராவில் மாட்டவே இல்லை, லீவரைத் தள்ளத் தள்ள உள்ளே எதுவும் நகரவில்லை. டெவலப் செய்தால் கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். இதற்கு எதற்குப் பேப்பரை வீணாக்க வேண்டும் என்றேன், போடு என்றார். கறுப்புத் தாளில் ஓரத்து எண்கள் மட்டும் வெள்ளையாக வந்தன. அதைக் கையில் எடுத்துக்கொண்டே அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி பட்டுச்சேலை கட்டி நின்றாள், காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் மறுபக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று அவர் கண் ஒரு நொடி அங்கே போகும், கடைசி வரை.

இன்னொன்று. போட்டோகிராபர் வீட்டுப் பிள்ளைக்குச் சின்ன வயசுப் படமே இல்லை என்று நீ எத்தனை தடவை சண்டை பிடித்திருக்கிறாய். ஆல்பம் இல்லைதான், பேப்பர் ஆர்டருக்கே சரியாக இருந்தது. ஆனால் மறுநாள் பார்ட்டி வருவார்கள், ரோலை அன்றைக்கே கழுவ வேண்டும், இரண்டு மூன்று கட்டம் மிச்சம் இருக்கும், அதை வீணாக்க அவருக்கு மனசு வராது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உன்னைக் கூப்பிடுவார். ஷீட்களில் 34, 35, 36-ஐ மட்டும் பார்த்துக்கொண்டே போ. யார் யாரோ கல்யாணம், பாஸ்போர்ட் படம், பழக்கண்காட்சி, கடைசி மூலையில் நீ. முன்பல் விழுந்த நீ, மழைக்கோட்டுக்குள் முகம் தெரியாத நீ, ஹோம்வொர்க் செய்யாமல் மேஜையில் தூங்குகிற நீ. ராத்திரி டிரேயில் ஷீட் எழும்பும்போது நான் அந்தக் கடைசி மூலையைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்றைக்கூட இதுவரை பெரிதாகப் போட்டதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கல்யாணத்துக் கார்டைக் கேமராவிலிருந்து கழற்றி வை, அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதே. மேலே எதுவும் பதியாத வரை அழித்ததில் நிறைய மீட்டுவிடலாம் என்று கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தம்பி சொன்னான், உனக்கும் தெரிந்திருக்கும். கிடைத்ததையெல்லாம், தேர்ந்தெடுக்காமல், எடுத்த வரிசையிலேயே 36, 36-ஆக ஒரு தாளில் போட்டு எனக்கு அனுப்பு. நான் பார்க்கிறேன்.

பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைக்காதே, உள்ளே சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேன், எடுத்துவிடாதே, பூஞ்சை வந்தால் போச்சு. சிவப்புப் பென்சிலும் உள்ளேயே இருக்கிறது, அப்பாவுடையது, பாதிதான் தேய்ந்திருக்கிறது. உனக்கு வேண்டியதற்கு நீயே வட்டம் போட்டு ஷீட் எண்ணையும் கட்ட எண்ணையும் எழுது. நெகட்டிவ் எல்லாம் இங்கே வரிசையாக இருக்கிறது. படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜரைத் துடைத்துவிட்டேன், பல்பு எரிகிறது.

அம்மா