முதலில் போனது தூக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்களின் மனநலம் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். ராத்திரி முழுக்க போன், நேரம் கெட்ட சாப்பாடு, சிகரெட், குடி இவைதான் பையன்களின் மனதைக் கெடுக்கின்றன என்று அதில் எழுதியிருந்தார்கள். திருவல்லிக்கேணியில் வேலைக்கும் படிப்புக்கும் வரும் ஆண்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு மேன்ஷனை 19 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நான் பார்த்தவரையில் இது பாதிக் கதைதான். பல பேருக்கு மனசு முதலில் விழுகிறது, பழக்கம் அப்புறம்தான் கெடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்த ஒரு தம்பி மூன்றாவது மாடியில் இருந்தார். காலை ஆறு மணிக்கு மெரினாவில் நடந்துவிட்டு வரும்போது எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். ஒரு கட்டத்தில் அது நின்றுபோனது. பகல் பதினொரு மணி வரை கதவு சாத்தியே இருக்கும். ஆர்டர் செய்த சாப்பாடு கைப்பிடியில் தொங்கியபடியே கிடக்கும். வாளியில் ஊறவைத்த சட்டை நான்கு நாளாகி நாறவும், பக்கத்து அறைக்காரர் என்னிடம் வந்து சொன்னார். நானும் போய்த் திட்டினேன். "ராத்திரி பூரா போனைப் பார்த்தா இப்படித்தான் தம்பி" என்றேன். "சரிண்ணே" என்றார், அவ்வளவுதான். அந்தச் 'சரிண்ணே' இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பத்து நாள் கழித்து மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவராகவே பேசினார். போன் பார்ப்பதால் தூக்கம் போகவில்லையாம். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இருட்டில் படுத்திருந்தால் அப்பா முகமும் வட்டிக்கு வாங்கிக் கட்டிய கோச்சிங் பணமும் கண்முன் வருகின்றன. அதற்குப் பயந்துதான் போனை எடுப்பாராம். இட்லியை வாயில் வைத்தால் மண் மாதிரி இருக்கிறது என்றார்.

மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். விடிவதற்குள் விழிப்பு வருவது, ருசி போவது, குளிக்கவே தோன்றாதது எல்லாம் மனச்சோர்வின் அறிகுறி என்றார் டாக்டர். ஆண்கள் பலருக்கு இது அழுகையாக வராது, எரிச்சலாக வரும், குடியாக வரும். குடித்தால் சட்டென்று தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், அதற்குள் பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்றும் சொன்னார். எங்கள் தம்பியும் ஒன்பதாம் நாளே நிறுத்தப் பார்த்தார். மாத்திரை அட்டையை வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, ராத்திரி சாவி வாங்க வரும்போது ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். இரண்டாவது மாதம் மறுபடி மெரினாவுக்கு நடக்கப் போனார்.

நடை, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம் என்று கட்டுரை சொல்வதெல்லாம் நல்லதுதான். ஆனால் பாயை விட்டு எழ முடியாமல் கிடப்பவரிடம் நடக்கச் சொன்னால், தன் மேல்தான் தப்பு என்று அவர் இன்னும் ஒடுங்கிப்போவார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் (ஆண்கள் மட்டுமல்ல) 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இவர்களில் எத்தனை பேரை வீட்டிலும் அறையிலும் சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று நம்மைப் போன்றவர்கள் திட்டியிருப்போமோ என்று நினைத்தால் பதறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மேன்ஷனில் ஜவுளிக்கடையில் நிற்கிறவர்களும் டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களும்தான் பாதிப் பேர். காலை நேரத்தில் வெளிநோயாளிப் பிரிவுக்கு (ஓ.பி.) போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. ஒரு பையன் இரண்டு தடவை போய்விட்டு, மூன்றாவது தடவை முதலாளி முறைத்ததால் விட்டேவிட்டார். மனநலப் பிரிவுகளை வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஒன்பது மணி வரை திறந்துவைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். எங்கள் அறைக் கதவுகளின் உட்பக்கம் வாடகை விதிமுறைகளுக்கு மேலே அதை ஒட்டியிருக்கிறேன். மற்ற மேன்ஷன்காரர்களும் ஒட்ட வேண்டும். உங்கள் இதழிலும் வாரா வாரம் ஓர் ஓரத்தில் அந்த எண்ணைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேன்ஷன் மேலாளர், திருவல்லிக்கேணி, சென்னை-5