ராஜா வேண்டாம் என்கிற மகனுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதுவது.

அரசாங்கமே கூடாது என்கிற கட்சிக்குப் போய்விட்டேன், ஆனாலும் கிறிஸ்தவன்தான் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு மனசு சரியில்லை. "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று வேதாகமத்தில் பவுல் அப்போஸ்தலன் எழுதின ரோமர் 13-ஐ வாசித்துக்காட்டுகிறார். அதற்கு முந்தின 12-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொன்னேன். பழிவாங்காதே, சத்துரு பசியாயிருந்தால் சாப்பாடு கொடு என்று சொல்லிவிட்டுத்தான் பவுல் பட்டயம் பிடித்த அதிகாரியிடம் வருகிறார். அந்தப் பட்டயத்தைக் கிறிஸ்தவன் கையில் எடுக்கலாமா என்று நீ கேட்டால், அது நியாயமான கேள்வி தம்பி.

ராஜா வேண்டும் என்று இஸ்ரவேல் ஜனங்கள் கேட்டபோது தீர்க்கதரிசி சாமுவேல் எவ்வளவோ எச்சரித்தார். உங்கள் குமாரரை ரதத்துக்கு எடுப்பான், குமாரத்திகளைச் சமையலுக்கு எடுப்பான், விளைச்சலில் தசமபாகம் வாங்குவான் என்றார். அவர்கள் கேட்கவில்லை.

உன்னைப் போல அரசுக்கு அடங்காத கிறிஸ்தவர்கள் முன்னாலும் உண்டு. ரஷ்யாவில் டுகோபார்கள் என்ற, படைக்குப் போகமாட்டோம் என்று சொன்ன கிறிஸ்தவ விவசாய ஜனங்கள் 1895-இல் தங்கள் துப்பாக்கிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அரசின் குதிரைப்படையான கொசாக்குகள் சவுக்கால் அடித்தார்கள். ஊரைவிட்டே விரட்டினார்கள். 1899-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் கனடாவுக்குப் போய்ச்சேர்ந்தார்கள். டால்ஸ்டாய் தன் நாவலில் வந்த பணத்தை அந்தப் பயணத்துக்குக் கொடுத்தார்.

எனக்கு அதிகம் பிடித்தவர் நியூயார்க்கின் டோரதி டே. 1933 மே 1 அன்று ஒரு சென்ட் விலையில் பத்திரிகை தொடங்கினார். வேலையிழந்தவர்களுக்கு வீடு திறந்து சூப் ஊற்றினார். 1955-இல் அணுகுண்டு ஒத்திகைக்காக எல்லாரும் பதுங்க வேண்டும் என்று சட்டம் சொன்னபோது, வெளியிலேயே உட்கார்ந்து கைதானார். அரசுக்கு அடங்காத அந்த அம்மாள் கடைசிவரை பூசையை விடாத கத்தோலிக்கர்.

ஆனால் என் பயத்தையும் சொல்கிறேன். "அந்நாட்களிலே இஸ்ரவேலில் ராஜா இல்லை, அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்" என்று நியாயாதிபதிகள் புஸ்தகம் முடிகிறது. அதற்குச் சற்று முன்னால்தான் கிபியா என்ற ஊரில் ஒரு கும்பல் ஒரு பெண்ணை இரவெல்லாம் சீரழித்துக் கொன்ற கதை. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போலீசும் கோர்ட்டும் இல்லாத ஊரில் அவளுக்காகக் கதவைத் திறப்பது யார், வாசலில் நிற்கிற கும்பலைத் தடுப்பது யார்?

உன் சிநேகிதர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. நீங்கள் சேர்ந்திருக்கிற வீட்டில் சமையலும் பாத்திரமும் யார் தலையில் விழுகிறது என்பதையும் எழுது. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ரோமர் 12-லிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அம்மா