ஒன்றையாவது நனைத்துப் பாருங்கள்: குயில்ட் பரிமாற்ற ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். பிளாக்குகளை, அதாவது குயில்ட் என்ற ஒட்டுப்போர்வைக்காகத் தைத்த சதுரங்களை, நமக்குள் மாற்றிக்கொள்ளும் பொங்கல் பரிமாற்றத்துக்கான அறிவிப்பைப் பார்த்தேன். இந்த முறை என்ன பிளாக், என்ன அளவு, பின்னணித் துணி எது, கடைசித் தேதி எது, எல்லாம் இருந்தது. ஓரத்தில் கரும்புகூட இருந்தது. போன பரிமாற்றத்தில் வந்து சாயம் விட்ட சிவப்பு நட்சத்திர பிளாக்கைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. தனியாகக் கேட்டதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றுதான் பதிலாக வந்தது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

விதிகளை நான் எழுதவில்லை, நீங்கள்தான் எழுதினீர்கள். ஒஹையோ ஸ்டார் என்ற எட்டு முனை நட்சத்திர வடிவம், வெள்ளைப் பின்னணி, ஓரத் தையலுக்கு விட்டதையும் சேர்த்து 12½ அங்குலம், சுத்தமான பருத்தி, வெட்டும் முன் துவைத்து இஸ்திரி போட்ட துணி. 12 பேர் ஒரு குழு, ஆளுக்கு 12 பிளாக், தன்னையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒன்று. அது போக ஒருங்கிணைப்பாளருக்கு அன்பளிப்பாக 13ஆவது. கடைசி விதி இது: வந்து சேரும் பிளாக்குகள் சரிபார்க்கப்பட்ட பிறகே பிரித்து அனுப்பப்படும். அந்த ஒரு வரியை நம்பித்தான் பலர் சேர்ந்தோம். முகம் தெரியாத ஒருவர் தைத்ததை நம் குயில்ட்டில் வைத்துத் தைக்கப் போகிறோம், நடுவில் ஒருவர் பார்த்துத்தான் அனுப்புகிறார் என்ற தைரியம் அது.

டீச்சருக்கும் அந்தத் தைரியம்தான். நம் குழுவில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம், நீங்களும் அப்படித்தான். கண்புரை அறுவை செய்துகொண்டவர். மெஷினில் தைப்பதில்லை, எல்லாம் கைத்தையல். அவர் அனுப்பிய பிளாக் ஒன்று எனக்கு வந்தது. ஸ்கேலை வைத்தேன், நான்கு பக்கமும் 12½. நட்சத்திரத்தின் எட்டு முனையும் ஓரத்திலிருந்து சரியாக இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், உள்ளே நிற்கின்றன, ஒரு முனைகூடத் தையலுக்குள் போகவில்லை. தைக்கிறவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

தனக்கு வந்த 12 பிளாக்கையும் மூன்றுக்கு நான்காக அடுக்கி, 3 அடிக்கு 4 அடியில் சின்னக் குயில்ட் ஒன்று செய்தார். மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மெல்லிய பஞ்சுப் படலம், அடியில் பழைய வேட்டி, மேலே நம் எல்லோருடைய நட்சத்திரங்களும். பல வாரம் மதிய வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டினார். முடித்ததும் துவைத்தார். துவைக்காத துணியைப் பச்சைப் பிள்ளைக்குப் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் இல்லை.

இரண்டாம் வரிசை நடுவில் இருந்த கருஞ்சிவப்பு நட்சத்திரம் வாளித் தண்ணீரிலேயே சாயத்தை விட்டது. சுற்றியிருந்த நட்சத்திரங்களின் வெள்ளையெல்லாம் ரோஸ். அவர் தைத்த பிளாக்கில் அவருடைய கையெழுத்து இருக்கும் மூலையும் ரோஸ். சூடான தண்ணீரில் நிறைய சோப்புக் கரைசல் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார், தண்ணீரை மாற்றி மாற்றி அலசினார். கொஞ்சம் வெளுத்தது, போகவில்லை. குழந்தை பிறந்துவிட்டது. குயில்ட் அலமாரியில் இருக்கிறது. என்னிடம் ஃபோனில் சொன்னபோது அவர் குறையே சொல்லவில்லை, "பரவாயில்லம்மா, தெரிஞ்சா செஞ்சிருப்பாங்க" என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை, எனக்கு வந்தது.

உங்களில் ஒருவர் அவருக்குச் சொன்ன பதிலைக் கேட்டதும் அந்தக் கோபம் இன்னும் கூடியது. "நீங்க முன்னாடியே ஒரு தடவை ஊறவெச்சுப் பாத்திருக்கலாமே டீச்சர்" என்று சொல்லியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், ஓரம் தைக்காத பிளாக்கை யாராவது ஊறவைப்பார்களா? நான்கு பக்கமும் நூல் பிரியும். ஒஹையோ ஸ்டாரில் பாதி வேலை முக்கோணம், குறுக்காக வெட்டிய துணி. நனைத்துப் பிழிந்தால் இழுத்துக்கொண்டு போகும், அப்புறம் எந்த அளவிலும் உட்காராது. அதனால்தான் துணி முழுசாக இருக்கும்போதே, வெட்டும் முன் துவைக்க வேண்டும் என்று விதி வைத்தீர்கள். தைத்தவர் செய்யவேண்டியதைச் செய்யவில்லை, பார்க்கவேண்டிய நீங்கள் பார்க்கவில்லை. பாவம், வாங்கியவர் மேல் பழி.

நீங்கள் முழுசாக நனைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒருவர் அனுப்பும் 12 பிளாக்கும் ஒரே துணி. ஒன்றை எடுங்கள், பின்பக்கத்தில் ஓரத் தையலுக்கு விட்ட இடத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அனுப்புங்கள், நிறம் ஒட்டினால் பன்னிரண்டையும் தைத்தவருக்கே திருப்புங்கள். டீச்சர் சொன்ன பிறகு எனக்கு வந்த கருஞ்சிவப்பை அப்படித் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டை முழுக்கச் சிவப்பு.

இன்னொரு விஷயம், இது அவசரமும்கூட. எனக்கும் டீச்சருக்கும் வந்த அதே துணி எங்கள் குழுவில் மற்ற வீடுகளுக்கும் போயிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் துவைத்துவிட்டார்கள், எத்தனை பேர் இனிமேல்தான் துவைக்கப் போகிறார்கள்? "சிவப்பை இணைக்காதீர்கள், இணைத்திருந்தால் நனைக்காதீர்கள்" என்று அவர்களுக்கு ஒரு வரி அனுப்புவதில் என்ன கஷ்டம்? தைத்தவர் மனம் நோகும் என்றீர்களாம். அவர் பெயர் எனக்கும் தெரியும், பிளாக்கின் மூலையிலேயே எழுதியிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அவரும் கடைக்காரர் சாயம் போகாது என்று சொன்னதை நம்பித்தான் தைத்திருப்பார். அவர் பெயரைச் சொல்லாமலே மற்றவர்களை எச்சரிக்கலாம்.

நீங்கள் அளந்தும் பார்க்கவில்லை என்பதும் தெரிகிறது. எனக்கு வந்ததில் ஒன்று 12 அங்குலம்தான் இருக்கிறது. தைத்தவர் இரண்டு நூல் விட வேண்டிய இடத்தில் மூன்று நூல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல், இப்படி இரண்டு தையலில் அரை அங்குலம் போய்விடும். இன்னொன்று பருத்தியே இல்லை. ஓரத்தில் பிரிந்து நின்ற நூலைக் கொளுத்தினேன், சாம்பலாகாமல் உருகி உருண்டை கட்டியது. அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பன்னிரண்டு இருக்கிறதா என்று எண்ணியிருக்கிறீர்கள், எண்ணிக்கையில் குறையே இல்லை. உங்களுக்கு வந்த 13ஆவது பிளாக்குகளையும் இப்படித்தான் எண்ணி மட்டும் வைத்துக்கொண்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

"இது அன்புக்காகச் செய்வது, கடை வியாபாரமா, இவ்வளவு கறார் எதற்கு" என்று அறிவிப்புக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார், நீங்களும் அதற்கு இதயம் போட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுக் குயில்ட் பற்றி நம் கூட்டத்திலேயே பேசியிருக்கிறோம். இறந்துபோன மகனுக்காக, நண்பனுக்காக, ஊசியையே பிடித்தறியாதவர்கள்கூட அதற்குத் தைத்து அனுப்பினார்கள். அதைவிட அன்புக்காகச் செய்தது எது? அதற்கும் அளவு உண்டு. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி. எட்டைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம். அந்த அளவு இருப்பதால்தான் ஒருவர் துக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் துக்கத்தை வைத்துத் தைக்க முடிந்தது. நம்முடைய 12½ அங்குலம் மட்டும் எப்படி அன்புக்கு விரோதம் ஆகும்?

பழந்துணியில் தைக்கும் போர்வைகளான வங்காளத்துக் காந்தாவையும் வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்களின் கவந்தியையும் காட்டி, "அவர்கள் எல்லாம் ஸ்கேலா வைத்தார்கள்" என்றும் ஒருவர் கேட்டார். வைக்கவில்லைதான். கவந்தியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கைக்கு வந்த துண்டை வைத்து வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள், அளவு அவர்கள் கையில் இருக்கிறது. அதைவிட முக்கியம், அவர்கள் தைப்பது பழைய சேலையில். போகவேண்டிய சாயமெல்லாம் எப்போதோ ஆற்றிலும் கிணற்றடியிலும் போயிருக்கும். கடையில் மீட்டர் கணக்கில் புதுத் துணி வாங்கி, அதைத் துண்டாக்கி, மறுபடி ஒட்டுப் போடுகிற நமக்குத்தான் இந்தத் தலைவலி.

கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. "பியூர் காட்டன்மா" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லி பாலியெஸ்டர் கலந்ததைக் கொடுக்கிறார்கள். "உப்புத் தண்ணியில முக்கிடுங்க, சாயம் நின்னுடும்" என்று இலவச ஆலோசனை வேறு. நெய்து சாயம் ஏற்றிய துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு எப்படிப் பிடித்து வைக்கும்? நம் ஊரிலிருந்து போன மெட்ராஸ் செக் என்ற கட்டம் போட்ட துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து 1960களில் அமெரிக்காவில் விற்கப்பட்டது. சாயம் போகும் துணி நமக்குப் புதிதில்லை. சுங்குடியை முதல் தடவை தனியாக அலசாத வீடு உண்டா? வீட்டுக்கு எடுக்கும் சேலைக்கு இருக்கிற அந்த எச்சரிக்கை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பும் பிளாக்குக்கு வந்தபோது எங்கே போனது?

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் வேலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஊர் ஊராக வரும் பொட்டலங்களைப் பிரித்து, பெயர் எழுதி, தபாலில் சேர்ப்பது யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யும் வேலை இல்லை. ஆள் போதாது என்றால் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை நானும் வருகிறேன், 12½ அங்குலச் சதுர ஸ்கேலும் கொண்டு வருகிறேன். பிளாக் மேல் அதை வைத்து எடுக்க அரை நிமிஷம் போதும். ஈரத் துணியில் தேய்க்க இன்னும் அரை நிமிஷம், அதுவும் ஆளுக்கு ஒரு பிளாக்தான். இதற்குக்கூட நேரமில்லை என்றால், தயவுசெய்து "சரிபார்க்கப்பட்ட பிறகே" என்ற அந்தக் கடைசி விதியை எடுத்துவிடுங்கள். சேருகிறவர்கள் தெரிந்துகொண்டு சேரட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கருஞ்சிவப்பு போன வீடுகளுக்கு இன்றே எச்சரிக்கை அனுப்புங்கள். டீச்சரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை பேசுங்கள், ஃபோனில் வேண்டாம். அவர் சம்மதித்தால் சாயம் ஏறிய நட்சத்திரங்களைப் பிரித்து எடுத்து, அவற்றுக்குப் பதில் புதிதாகத் தைத்தவற்றை அவரவரிடமே மறுபடி வாங்கிக் கொடுங்கள். என் பங்குக்கு ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். பொங்கல் பரிமாற்றத்தில் வருவதை அளந்து பாருங்கள், நனைத்துப் பாருங்கள், அப்புறம் அனுப்புங்கள். சரியில்லாததைத் தைத்தவருக்கே திருப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கான என் 12 பிளாக்குகளும் தயார், துணி இரண்டு தடவை துவைத்தது. உங்கள் பதில் வந்ததும் அனுப்பிவைக்கிறேன். அதுவரை அவை என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
போன பரிமாற்றத்தில் டீச்சரின் குழுவில் இருந்த உறுப்பினர்