ரங்கூனில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

1965ஆம் ஆண்டு பர்மாவின் (இன்றைய மியான்மர்) ரங்கூனிலிருந்து கப்பலேறிய எங்கள் குடும்பத்துக்கு உதவிய அனைவருக்கும், மறைந்த என் பெற்றோரின் சார்பிலும் தம்பிகளின் சார்பிலும் வணக்கம்.

இந்த நன்றியை இத்தனை காலம் எழுத்தில் வைக்காததற்குக் காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் போனால்கூட, அதைப் பெற்றவர் வீட்டுக்கு உளவுத்துறை வந்து நிற்கும் என்று அப்பா அஞ்சினார். பர்மாவை ஆண்ட ராணுவத் தளபதி நே வின் காலம் முடிந்தது, ஆனால் ராணுவம் போகவில்லை. 2021 பிப்ரவரியில் ஆட்சியை மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஆகவே இங்கேயும் யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. அப்பாவின் ஜவுளிக்கடையில் ஒருநாள் காலை சாவியை வாங்கிக்கொண்டு, 'மக்கள் கடை' என்று எண் போட்ட பலகையை மாட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு சாட் (பர்மிய நாணயம்) நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. கடையும் போய், கையிருப்பும் போயிற்று. அப்பா பிறந்ததே அந்த மண்ணில்தான். ஆனாலும் வெளிநாட்டவர் பதிவுச் சான்றோடுதான் அவர் நடமாட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவுக்கு. நாங்கள் புறப்படுகிறோம் என்று தெரிந்ததும் கட்டிலையும் பீரோவையும் கால் விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் மட்டும் அம்மாவின் தையல் மெஷினுக்கு முழு விலை கொடுத்தார், அதுவும் செல்லுபடியாகும் சின்ன நோட்டுகளாக எண்ணி எடுத்து வந்து. அவருக்குத் தைக்கத் தெரியாது! கப்பலுக்குக் காத்திருந்த மாதங்களில் அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம். பௌத்தர்கள் நம்மை விரட்டினார்கள் என்று இங்கே யாராவது பேசினால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "விரட்டியது துப்பாக்கி வைத்திருந்தவன். சோறு போட்டவள் விகாரைக்குப் போகிறவள்" என்பார்.

அடுத்து, சின்னத் தம்பிக்கு டைபாய்டு கண்டபோது வேலை முடிந்து இரவில் வந்து ஊசி போட்ட, பர்மாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான கரேன் இனத்து நர்ஸுக்கு. பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். ஒரு காசு வாங்கவில்லை. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் அரசுடைமை ஆனதையும் பிறகு வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற்றப்பட்டதையும் அவர் பார்த்திருப்பார். அரசை எதிர்த்த ஆயுதப் போராளிகளுக்குச் சோறு, பணம், தகவல், ஆள் எதுவும் போய்ச் சேராதபடி ஊர்களையே காலி செய்யும் 'நான்கு வெட்டு' என்ற முறையை ராணுவம் கொண்டுவந்தது. அதற்கு இலக்கான இடங்களில் அவர் பிறந்த ஐராவதி டெல்டாவும் ஒன்று. அவர் குடும்பம் என்ன ஆனதோ என்ற கவலை அம்மாவைக் கடைசிவரை விடவில்லை.

சூலியா பள்ளிவாசல் பக்கத்தில் கடை வைத்திருந்த நம் ஊர் முஸ்லிம் பெரியவர் ஒருவர், தன் கடையும் பறிபோன நிலையில், அப்பாவுக்காகப் பயண அனுமதி வரிசையில் நாள்கணக்கில் நின்றார். அவருக்கும், அவர் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கும் எங்கள் சலாம்.

சென்னைத் துறைமுகத்தில் எங்கள் மூட்டைகளைச் சுமந்துவிட்டுக் கூலியைத் திருப்பித் தந்த தொழிலாளர்களுக்கு நன்றி. மாற்றுச் சான்றிதழ் இல்லாத என்னிடம் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அன்றே ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்த வியாசர்பாடித் தலைமையாசிரியைக்குப் பெரிய நன்றி. அந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால் நான் ஆசிரியையாக ஓய்வு பெற்றிருக்க முடியாது. 1969இல் பர்மா பஜார் தொடங்கியபோது அப்பாவுக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை.

இன்னும் ஒரு சாராருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் எங்கள் குடும்பத்துக்கு எதுவும் செய்தவர்கள் அல்லர். 1982இல் அதே நே வின் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே அந்த நாட்டில் வேர்கொண்ட இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை என்றது. அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் பலர் அதனால் இரண்டாம் தரக் குடிமக்கள் ஆனார்கள். பர்மாவின் மேற்குப் பகுதியில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோகிங்கியாக்களுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1978இல், அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ரோகிங்கியாக்களில் சில குடும்பங்கள் சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் ஒண்டியிருக்கின்றன. நாங்கள் வந்தபோது இந்தியா எங்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்று ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு நாடு இல்லை. அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட ஆசிரியர்களே, எங்கள் தலைமையாசிரியையின் வரிசையில் உங்களையும் வைத்து வணங்குகிறேன்.

பர்மாவில் இருக்கும் தமிழ் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மடலில் வரும் யாரையாவது, அவர்கள் வீட்டாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதைப் பர்மிய மொழியில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பதில் எழுத வேண்டாம், பெயரையும் எங்கும் குறிப்பிட வேண்டாம். செய்தி போய்ச் சேர்ந்தால் போதும்.

நன்றியுடன்,
ரங்கூன் ஜவுளிக்கடைக்காரரின் மூத்த மகள்,
வியாசர்பாடி, சென்னை