மீன் வலை மட்டும் வேண்டாம், மாப்ளே

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஞாயிறு சாயந்திரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்து பதினைந்து நாள் ஆகிறது. கண்ணுக்கு வேலை வைக்கக்கூடாது என்று உன் தங்கச்சி பேனாவையே எடுத்து ஒளித்துவிட்டாள். இன்றைக்குத்தான் பெயில் கிடைத்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்ணைத் திட்டு, என்னைத் திட்டாதே.

காட்பாடி வீட்டுக்குப் பின்னால் கொடிக்காய் போடப் போகிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான உங்கள் லைன் வீட்டுத் தட்டி மேல் அம்மா ஏற்றிய அவரையை நீ எத்தனை தடவை பந்தடித்துப் பிய்த்திருப்பாய்? இப்போது உனக்கே பந்தல் ஆசை.

பழைய மீன் வலை சும்மா கிடைக்கிறது, கடையில் பச்சை பிளாஸ்டிக் வலை இருக்கிறது, மருமகன் வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, போடலாம் என்கிறார், எது நல்லது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஐந்து வருஷமாக மொட்டை மாடியில் இந்த மூன்றோடும் இன்னும் இரண்டோடும் மல்லுக்கட்டியவன் நான். ஒரு வரியில் முடியாது.

முதலில் மீன் வலை. சும்மா கொடுத்தாலும் வாங்காதே. அந்த நைலான் நரம்பு மெலிசு; இலைக்குள்ளே போய்விட்டால் நம் கண்ணுக்கே தெரியாது, அணிலுக்கும் சின்னான் குருவிக்கும் எங்கே தெரியும்? உனக்கு மண் தரை வேறு. எலியைத் துரத்திக்கொண்டு சாரைப்பாம்பு வந்தால் தலையை நுழைத்துவிடும், செதில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. எங்கள் மாடியில் பொடிக்கண் வலையில், அதாவது சின்னச் சின்ன ஓட்டை உள்ள வலையில், ஒரு அணில் மாட்டியது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டி விடுவித்தேன். நன்றிக்கு என் கட்டை விரலைக் கடித்துவிட்டு ஓடியது. ஊசி போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

அது கடையில் வாங்கிய பச்சை வலை, ஒரு அங்குலக் கண். அடர்த்தியாக இருந்தால் கொடி நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து வாங்கினேன். பாகல் என்னவோ நன்றாகத்தான் ஏறியது. பிஞ்சு விட்ட பிறகுதான் வினை. காய் கண்ணுக்குள் நுழைந்து பெருத்து, இடுப்பில் கயிறு கட்டின மாதிரி ஆகிவிட்டது. அறுக்கப் போனால் கை அந்தப் பக்கம் போகாது. வலையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றால் காய் இந்தப் பக்கம் இருக்கும். வலைதான் வாங்குவேன் என்றால் கண் ஆறு அங்குலமாவது இருக்கட்டும். உன் கை வளையலோடு... சரி, உன் வீட்டிலிருக்கிற என் தங்கச்சியின் கை வளையலோடு உள்ளே போய்க் காயோடு வெளியே வர வேண்டும். நூல் தடிப்பாக, கறுப்பாக இருப்பதாகப் பார். கறுப்பில் கார்பன் கலந்திருப்பதால் வெயிலை அதிக நாள் தாங்கும். உங்கள் ஊர் வெயிலுக்கு மட்டமான பிளாஸ்டிக் சீக்கிரமே மொறுமொறுவென்று பொடிந்து மண்ணோடு கலந்துவிடும். பொறுக்கவும் முடியாது.

ஆனால் அதையெல்லாம்விட என் மனசை வெறுக்க வைத்தது கடைசி நாள்தான். காய்ப்பு முடிந்து கொடி காய்ந்துவிட்டது. பாகல், பீர்க்கன், வெள்ளரி எல்லாம் நூல் மாதிரி சுருள் விடுமே, அது காய்ந்தால் கம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உரித்தும் பாதி வலைகூடத் தேறவில்லை. வெறுத்துப்போய் சுருட்டிக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போடப் போனேன். இங்கே ஈரக்குப்பை தனி, உலர்குப்பை தனி. வண்டிக்காரம்மா வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டுலயும் சேராது சார்" என்று கையில் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் இதை எப்படிக் கழற்றுவேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அடுத்த வருஷம் சணல் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஜூலைத் தூறல் தொடங்கியதும் மண்ணைத் தொட்ட நுனி எல்லாம் அழுகி, ஆகஸ்டில் ஒரு ராத்திரி புடலங்கொடி மொத்தமும் சரிந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது உங்க அப்பா ஞாபகம் வந்தது. சுரங்கக் கூண்டைக் கயிற்றில் இறக்கி ஏற்றுகிற வைண்டிங் ரூமில் இருந்தவரில்லையா? "கயிறு நட்ட நடுவுல அறுந்து நான் பார்த்ததே இல்லடா, முடிச்சுல அறும், இல்லைன்னா தேயுற இடத்துல அறும்" என்பார். என் சணலும் முடிச்சில்தான் போயிருந்தது.

இப்போது மூன்று வருஷமாகத் தேங்காய் நார்க் கயிறுதான். உனக்கும் அதையே சொல்கிறேன். நார் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. படகுக்காரர்கள் உப்புத் தண்ணீரிலேயே போட்டு வைப்பார்களே. மேலே சொரசொரப்பு இருப்பதால் கொடி வழுக்காது. இதில் ஒரு விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது: அவரை, கொடி பீன்ஸ், பசலை மூன்றுக்கும் சுருள் கிடையாது, தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது ஏறிய வேகத்தில் கனம் தாங்காமல் கீழே சறுக்கும். அதற்கு வலையே வேண்டாம், நெட்டுக்குத்தாக ஒற்றைக் கயிறு போதும். பாகலுக்கும் வெள்ளரிக்கும் குறுக்குக் கயிறும் வேண்டும், சுருளுக்குப் பிடி கிடைக்க.

பத்தடி அகலம், ஆறடி உயரம் என்று வைத்துக்கொள். ஆறு அங்குலத்துக்கு ஒரு கயிறு என்றால் இருபத்தொரு கயிறு; முடிச்சுக்கும் சேர்த்து 150 அடி வாங்கு. குறுக்கே அடிக்கு ஒன்று கட்டினால் இன்னும் 50 அடி, முடிச்சுக்குக் கொஞ்சம் சேர்த்து. கீழ் நுனியை மண்ணில் புதைக்காதே, ஒரு சாண் மேலே ஒரு குறுக்குக் கம்பியில் கட்டிவிடு. மேலே மட்டும் கயிறு கூடாது. துத்தநாகம் பூசிய 12 கேஜ் ஜிஐ கம்பி போடு. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலிசாகும், கடைக்காரர் 16 கொடுத்தால் வாங்கி வராதே. மேல் கம்பி தொய்ந்தால் எல்லாமே தொய்ந்துவிடும். சீசன் முடிந்ததும் அரிவாளால் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. கயிறும் கொடியுமாக அப்படியே உரக்குழிக்குப் போய்விடும். நார் மக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

மருமகன் சொல்வதும் தப்பில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கோவைக்கொடி வருஷக்கணக்கில் நிற்கும். அதற்குக் கயிறு கட்டினால் கொடி இருக்கும், கயிறு இருக்காது. அங்கே வெல்டு மெஷ் போடு, இரண்டு அங்குலக் கண்ணே போதும், கோவைக்காய் அதில் புகுந்து வந்துவிடும். துத்தநாகம் பூசியதாகக் கேள். வெட்டின முனையை மடக்கிவிடச் சொல், என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. சுரைக்கு வலையும் வேண்டாம், மெஷ்ஷும் வேண்டாம். சவுக்குக் கால் நட்டுத் தலைக்கு மேலே பந்தல்தான். புடலும் பீர்க்கனும் பந்தலில் தொங்கினால்தான் நேராக நீளும். புடலையின் நுனியில் ஆயா கல் கட்டித் தொங்கவிடுவாளே, ஞாபகம் இருக்கிறதா?

பெங்களூர் கத்திரிக்காய்க்கு, அதுதான் சௌசௌவுக்கு, ஆசைப்படாதே. எங்கள் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் இங்கே பந்தலையே அமுக்குகிற அளவுக்குப் படர்கிறது. உங்கள் மே மாதத்தில் அது வெந்துவிடும்.

திசையும் கேட்டிருந்தாய். வலையை வடக்கோரமாகக் கட்டினால் மற்ற செடிக்கு நிழல் விழாது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதைக் கேட்டு நானும் கட்டினேன். நம் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 13 டிகிரி. ஏப்ரல் 24 வாக்கில் உச்சி வேளையில் நேராக நிற்கிற கம்புக்கு நிழலே விழாது. அதற்கப்புறம் ஆகஸ்ட் நடுவரைக்கும் உச்சி சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், நிழல் தெற்கே மற்ற செடிமேல் விழும். அவர்கள் கணக்கு நமக்கு அந்த நாலு மாசம் தலைகீழ். வலை தெற்கு வடக்காக ஓடட்டும். காலை வெயில் ஒரு முகத்துக்கு, சாயந்திர வெயில் மறு முகத்துக்கு.

காற்றை மறந்துவிடாதே. இலை நிறைந்த வலை பாய்மரம் மாதிரி. நான் பெயின்ட் டப்பாவில் மூங்கில் நட்டுக் கட்டியிருந்தேன். மே மாத இடிமழையில் டப்பாவோடு தூக்கிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் போட்டது. இப்போது அடுத்த மாடிக்கென்று விட்டு வைத்திருக்கிற பில்லர் கம்பியில்தான் கட்டுகிறேன். மேலே கட்டப்போவதாக ஓனரம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு பகீர் என்கிறது. உனக்குத் தரை இருக்கிறது, கொடுத்து வைத்தவன். பந்தல்காலை இரண்டடி ஆழம் நட்டு, மூலைக்கு மூலை இழுவைக் கம்பி கொடு.

இங்கே மார்கழி பிறந்தால் தெருமுனையெல்லாம் அவரைக்காய் மூட்டைதான். சொகடு, சொகடு என்று கன்னடக்காரர்கள் அந்த வாசனைக்கே விலை கேட்கிறார்கள். உன் தங்கச்சி பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிற அன்றைக்கு எனக்கு லைன் வீட்டு வாசம்தான். 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கத்தை மூடியபின் ஆளுக்கொரு திசையாகப் போனோம். அந்தத் தட்டியில் காய்த்த கொடி அவரை விதை மட்டும் எங்கள் அக்கா கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வைத்திருந்தாள். ஒரு பிடி என்னிடம் இருக்கிறது. அதில் பாதி உனக்கு. உங்கம்மா விதை, உன்னிடம் வருவதுதான் முறை.

டாக்டர் குனியலாம் என்று சொன்னதும் லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். அதற்குள் இடத்தின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து எழுது, கயிறு இங்கேயே மார்க்கெட்டில் வாங்கி வருகிறேன். கால் மட்டும் நட்டு வை, முடிச்சு நான் வந்து போடுகிறேன். உன் முடிச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மச்சான்